ஈரச் சுவரும் பென்சில் கோடுகளும்: முதல் வாடகை வீட்டில் செய்த ரிப்பேர்

ஆதம்பாக்கத்தில் நானும் தங்கையும் வாடகைக்கு எடுத்த வீட்டில், படுக்கையறையின் ஒரு சுவர் மட்டும் புது பெயிண்டில் பளிச்சென்று இருந்தது. மற்ற மூன்றும் பழுப்பேறிக் கிடந்தன. ஓனர் ஒரு சுவரையாவது அடித்துக் கொடுத்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டோம். 2023 ஜூன் முதல் வாரம் அது. இருவருக்கும் அதுதான் முதல் வாடகை வீடு. அதுவரை அவள் ஹாஸ்டலில், நான் பெரியம்மா வீட்டில். இப்போது யாராவது வீடு பார்க்கப் போவதாகச் சொன்னால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒரு சுவருக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதற்குப் பின்னாலும் மேலேயும் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

எங்கள் சுவருக்கு மேலே இருந்தது மேல்வீட்டு பாத்ரூம்.

வாடகை 15,000. அட்வான்ஸாக பத்து மாத வாடகை கேட்டார்கள். சென்னையில் ஊறிப்போன வழக்கம் அது. பேசிப் பேசி ஐந்து மாதத்துக்குக் கொண்டுவந்து 75,000 கொடுத்தோம். பதினோரு மாத அக்ரிமெண்ட். ஓனர் கோயம்புத்தூரில் இருக்கிறார். சாவி கொடுத்தது புரோக்கர். வீட்டுக்குள் நுழைந்த அன்று போட்டோ எதுவும் எடுத்து வைக்கவில்லை. தங்கை அம்மாவுக்கு வீட்டைக் காட்ட எடுத்து அனுப்பிய ஒரு நிமிட வீடியோ மட்டும் போனில் கிடந்தது. பிறகு அதுதான் எங்கள் பெரிய ஆதாரமாக ஆனது.

ஜூன் 19 அன்று மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்களே, அந்த வாரம்தான் சீலிங் மூலையில் முதல் கறையைப் பார்த்தோம். உள்ளங்கை அளவு இருக்கும். ஓனருக்குப் படம் அனுப்பினேன். "மழை சீசன்மா, வெயில் வந்தா காஞ்சிடும்" என்று ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் அவர் போன் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. புரோக்கரைக் கேட்டால், "நான் சாவி கொடுத்ததோட சரி, மத்ததெல்லாம் ஓனர்கிட்டயே பேசிக்கோங்க" என்றார்.

ஜூலையில் நல்ல வெயில் அடித்தது. கறை காயவில்லை, கீழே இறங்கியது. பெயிண்ட் கொப்பளித்து உடைந்து, அதனடியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக உப்பு பூத்தது. சிமெண்டிலும் செங்கலிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வெளியே வரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு சுவரிலேயே தங்கிவிடும். அதை ஈரத்துணியால் துடைத்தால் மறுபடி கரைந்து உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே பேப்பர் விரித்து அள்ளிப் போட வேண்டும். துணிகளில் பூஞ்சை வாடை வந்தது. தங்கைக்கு இருமல் விட்டபாடில்லை.

ஜூலை 28 இரவு நடந்ததுதான் எங்களை உட்கார விடாமல் செய்தது. அந்தச் சுவரை ஒட்டி எங்கள் இரும்பு பீரோ நின்றது. தங்கை குளித்துவிட்டு வெறுங்காலோடு வந்து பீரோ கைப்பிடியைப் பிடித்தவள் கையை உதறினாள். "அக்கா, சுருக்குங்குது" என்றாள். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் சின்ன பல்ப் மங்கலாக எரிந்தது. பீரோவுக்கு மேலே அரை அடியில், அதே ஈரத்தில், பழைய இரும்புப் பெட்டி வைத்த சுவிட்ச்போர்டு இருந்தது.

முதலில் செய்த வேலை, மெயினை அணைத்துவிட்டு, அந்த அறைக்குப் போகும் ஃப்யூஸ் கட்டையை உருவி எடுத்தது. பிறகு மெயினைப் போட்டு டெஸ்டர் வைத்தோம், பீரோவில் எதுவும் இல்லை. பீரோவை ஓர் அடி முன்னால் இழுத்துப் போட்டோம். அன்றிலிருந்து இரண்டு மாதம் அந்த அறையில் கரண்ட் இல்லை. ஹாலில் பாய் விரித்துத்தான் படுத்தோம். ஈரச் சுவரில் சுவிட்ச்போர்டு இருக்கும் எந்த வீட்டிலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். ஓனர் பதில் சொல்லும் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மறுநாள் ஒரு பிளம்பரைக் கூட்டி வந்தோம். சுவரைப் பார்த்தார், மேலே பார்த்தார். மேல்வீட்டு பாத்ரூம் டைல்ஸ் முழுக்க உடைக்கணும், வாட்டர் ப்ரூஃபிங் புதுசாகப் போடணும், 45,000 ஆகும் என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தங்கை சிவில் டிப்ளமோ படித்தவள், மேடவாக்கம் பக்கம் ஒரு ஃப்ளாட் கட்டுமானத்தில் சூப்பர்வைசர். "காரணம் தெரியாம உடைக்கக் கூடாது. நாமளே டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்" என்றாள். எனக்கு அக்கவுண்ட்ஸ் வேலை. அதனால் டெஸ்ட் எல்லாம் அவள் பொறுப்பு, தேதி போட்டு எழுதி வைப்பது என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

முதல் காரியம் பென்சில். ஈரத்தின் விளிம்பு எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு, பக்கத்தில் தேதி. தினமும் காலை ஏழு மணிக்கு. ஒரு வாரத்தில் அந்தச் சுவர் ஒரு வரைபடம் மாதிரி ஆகிவிட்டது. ஓர் உண்மையும் தெரிந்தது: மழை பெய்யாத நாட்களிலும் கோடு இறங்கியது, மேல்வீட்டார் ஊருக்குப் போயிருந்த மூன்று நாட்களில் மட்டும் அப்படியே நின்றது.

அடுத்து, காற்றில் இருக்கும் ஈரம் சுவரில் படிகிறதா, சுவருக்குள்ளிருந்தே வருகிறதா என்று பார்க்க வேண்டும். சமையலறை அலுமினியத் தாளை ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டி, நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டோம். தாளின் வெளிப்பக்கம் காய்ந்தே இருந்தது. பிரித்தபோது உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். சுவர்தான் ஊறுகிறது.

இனி இரண்டு சந்தேகம். மேலே போகும் தண்ணீர்க் குழாய் ஒழுகலாம், அல்லது கழிவுத் தண்ணீர் போகும் பக்கம் ஒழுகலாம். தண்ணீர்க் குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருக்கும், இரவு பகல் கசியும். கழிவுப் பக்கம் என்றால் யாராவது குளிக்கும்போதுதான் கசியும். மேல்வீட்டார் இல்லாத மூன்று நாட்கள் இரண்டாவதைத்தான் காட்டின. இருந்தாலும் உறுதி செய்ய வேண்டும். மொட்டைமாடித் தொட்டிதான் இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு சனிக்கிழமை இரவு 11 மணிக்கு மேல் இரண்டு வீட்டிலும் ஒரு குழாயைக்கூடத் திறப்பதில்லை என்று பேசிக்கொண்டு, நீளக் குச்சியை விட்டு ஆழம் அளந்தோம். 61 சென்டிமீட்டர். காலை 5 மணிக்கும் அதே 61. ஃப்ளஷ் டேங்க்கூட ஒழுகவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

இதற்கெல்லாம் மேல்வீட்டு அக்கா சம்மதிக்க வேண்டியிருந்தது. அவரும் வாடகைதான். கணவர், மாமியார், ஒரு சின்னப் பையன். நாங்கள் முதல் முறை போய்ச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. "இதைப் போய் ஓனர்கிட்ட சொன்னா எங்க வாடகையை ஏத்திடுவாரே" என்றார். நியாயமான பயம். "தப்பு உங்க மேல இல்லக்கா, குழாய் மேல. உங்க பேரை நாங்க எழுத மாட்டோம்" என்று சொன்ன பிறகுதான் கதவு திறந்தது.

ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. பெரிய டெஸ்ட். புது ஃப்ளாட்டுகளில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் பாத்ரூமில் தண்ணீர் கட்டி விட்டுப் பார்ப்பார்கள். தங்கைக்குத் தினமும் பார்க்கிற வேலை அது. பிளாஸ்டிக் பைக்குள் பழைய துணியைத் திணித்து பாத்ரூம் ஃப்ளோர் டிராப்பின், அதாவது தரைத் தண்ணீர் வடியும் குழியின், வாயை இறுக்கமாக அடைத்தாள். தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரோரம் பென்சிலால் மட்டம் குறித்தாள். காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை. மட்டம் இறங்கவில்லை. கீழே எங்கள் சுவரிலும் கோடு நகரவில்லை. அதாவது தரையும் டைல்ஸ் இணைப்புகளும் தண்ணீரை விடவில்லை. 45,000 ரூபாய்க்கு உடைக்கச் சொன்னது அந்தத் தரையைத்தான்.

பிறகு அந்தத் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து, அடைப்பைப் பிடுங்கிவிட்டாள். மொத்தத் தண்ணீரும் டிராப் வழியாக இறங்கியது. மேலும் நாலு வாளி நீலத் தண்ணீரை நேராக டிராப்பில் ஊற்றினோம். கீழே சீலிங் மூலையில் பூச்சு உதிர்ந்த பள்ளத்தில் வெள்ளைப் பஞ்சை அழுத்தி வைத்திருந்தோம். இரவு எட்டு மணிக்கு ஈரம் கோட்டை ஓர் அங்குலம் தாண்டிவிட்டது. மறுநாள் காலை பஞ்சை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் வெளிறிய நீலம். தங்கை அதை ஒரு வெள்ளைப் பேப்பரில் வைத்து, அன்றைய செய்தித்தாளின் தேதி தெரியும்படி படம் எடுத்தாள். டிராப்பும் கழிவுக் குழாயும் சேரும் இடத்தில் ஒழுகுகிறது. அவ்வளவுதான். முழு பாத்ரூமையும் உடைக்க வேண்டாம், நாலு டைல்ஸ் போதும்.

யார் செய்ய வேண்டிய வேலை?

இந்த இடத்தில் பலரும் சொன்ன யோசனை, "வாடகையை நிறுத்து, தானா வருவார்" என்பது. அதை மட்டும் செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது அது. அதன்படி இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாமல் இருந்தால், அதுவே நம்மை வெளியேற்ற ஒரு காரணமாகிவிடும். நாங்கள் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் பேங்க் மூலமாகவே வாடகை அனுப்பினோம். கையில் ரொக்கமாக ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை.

அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையை நான் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து படித்தேன். எந்த ரிப்பேர் யாருடையது என்று அதில் பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். கட்டடத்தின் அமைப்பில் வரும் ரிப்பேர், சுவர் வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வீட்டின் ஒயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு எடுப்பது மாதிரியானவை குடியிருப்பவர் பொறுப்பு. ஓனர் தன் பங்கைச் செய்ய மறுத்தால், நாமே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் பாதி குறைந்தது. அதுவரை நாங்கள் அவரிடம் ஏதோ உதவி கேட்கிற மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் பங்கு எது என்றும் அதிலேயே தெரிந்தது. சமையலறைக் குழாய் சொட்டுவதைப் பற்றி ஓனருக்கு மூன்று மெசேஜ் போட்டிருந்தேன். அது எங்கள் வேலை. அடுத்த நாளே வாஷர் வாங்கி மாற்றினேன், பத்து நிமிடம்.

அட்வான்ஸுக்கும் மூன்று மாத வாடகைதான் அந்தச் சட்டத்தின் பொது வரம்பு என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டோம். எங்கள் அக்ரிமெண்டை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நிற்பது பலவீனம். அதனால் புகாருக்கு முன்னால் கடிதம் என்று முடிவு செய்தோம்.

செப்டம்பர் 4 அன்று எழுதினோம். ஒன்றரைப் பக்கம். குறை சொல்லும் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டேன். முதல் பத்தியில் தேதிகள்: குடிவந்த நாள், முதல் கறை, அவருக்கு அனுப்பிய ஒவ்வொரு மெசேஜின் தேதி, ஷாக் அடித்த இரவு. இரண்டாவதில் டெஸ்ட் செய்த விதமும் முடிவும். மூன்றாவதில் இரண்டே கோரிக்கை: டிராப் இணைப்பைச் சரி செய்வது, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இணைப்பைப் பார்த்துச் சரி செய்வது. கடைசியாக, "15 நாட்களுக்குள் தாங்கள் ஆள் அனுப்பாவிட்டால், இணைத்துள்ள மதிப்பீட்டுக்குள் நாங்களே வேலையை முடித்து, பில்களை அனுப்பி, மூன்று மாத வாடகையில் சமமாகக் கழித்துக்கொள்வோம்." படங்களைச் சேர்த்து, அக்ரிமெண்டில் உள்ள விலாசத்துக்கு ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினோம். அதையே வாட்ஸ்அப்பிலும் போட்டேன். சொன்னபடி மேல்வீட்டார் பேர் எங்கும் இல்லை.

செப்டம்பர் 16 அன்று ஓனரே கூப்பிட்டார்.

"என்னம்மா, கோர்ட்டுக்குப் போற மாதிரி லெட்டர் போட்டிருக்கீங்க?"

"இல்ல சார். ரெண்டு மாசமா நீங்க போன் எடுக்கல. ஷாக் அடிச்சிடுச்சு, பயமா இருக்கு. அதனாலதான் எழுதினோம்."

"முன்னாடி இருந்தவங்க யாரும் இப்படிச் சொல்லலையே."

"சுவர்ல பழைய கறை மேலதான் சார் பெயிண்ட் அடிச்சிருக்கு. படம் அனுப்பியிருக்கேன் பாருங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி, ஆள் வச்சுப் பார்த்துக்கோங்க. பில்லு கரெக்டா இருக்கணும்" என்றார். இதையே ஒரு வரி மெசேஜாகப் போடச் சொன்னேன். போடவில்லை. போனை வைத்த கையோடு, "இன்று காலை பேசியபடி, டிராப் மற்றும் எர்த் வேலையை நாங்கள் செய்து வாடகையில் கழித்துக்கொள்கிறோம் சார்" என்று நானே அனுப்பினேன். மாலையில் ஒரு கட்டைவிரல் வந்தது. அது போதும்.

உடைத்ததும் ஒட்டியதும்

செப்டம்பர் 23, சனிக்கிழமை. வேறு பிளம்பர், ஓர் உதவியாள். டிராப்பைச் சுற்றி நாலே டைல்ஸ் எடுத்தார்கள். அந்தப் பாத்ரூம் தளம் பள்ளமாகக் கட்டி, செங்கல் கட்டிகளைக் கொட்டி நிரப்பியது. கிட்டத்தட்ட பத்து அங்குலம் தோண்டியதும் அத்தனை கட்டியும் கறுத்து, சொதசொதவென்று வெளியே வந்தது. அந்த நாற்றம் படிக்கட்டு வரை இறங்கியது. அடியில் தேங்கியிருந்த தண்ணீரை மட்டும் மக்கால் மொண்டு ஒன்றரை வாளி எடுத்தோம். எத்தனை வருடத் தண்ணீரோ.

பிளம்பர் அண்ணா டிராப்பின் கழுத்தைப் பிடித்து லேசாக ஆட்டினார். அது தனியாகச் சுழன்றது. "பாரும்மா, பிவிசி குழாய்க்கு வெறும் சிமெண்ட் வச்சு ஜாயின்ட் போட்டிருக்காங்க. இது எப்படிப் பிடிக்கும்?" என்றார். சிமெண்டும் பிவிசியும் ஒன்றோடொன்று ஒட்டாது. சிமெண்ட் காய்ந்து சுருங்கும்போதே நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்துவிடும். வீடு கட்டிய நாளிலிருந்தே அது ஒழுகியிருக்க வேண்டும்.

புது பிவிசி டிராப், புதிதாக ஒரு துண்டுக் குழாய், இணைப்புக்கு அதற்கென்றே உள்ள சால்வென்ட். பள்ளத்தை மூடுவதற்கு முன்னால் தங்கை மறித்தாள். குழாயின் வெளிமுனையை அடைத்து, டிராப் வரை தண்ணீர் நிரப்பி இரவெல்லாம் விடச் சொன்னாள். பிளம்பர் அண்ணாவுக்குப் பிடிக்கவில்லை, ஒரு நாள் கூலி போகிறது என்றார். மறுநாள் வந்து மூடுவதற்கும் சேர்த்துத் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டோம். காலையில் மட்டம் இறங்கவில்லை. அதற்கு மேல் காய்ந்த கட்டி, கலவை, இரண்டு கோட் வாட்டர் ப்ரூஃபிங். அது காய்ந்ததும் மறுபடி 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். பிறகுதான் கொத்தனார் டைல்ஸ் ஒட்டி, இணைப்புகளுக்கு எபாக்ஸி வைத்தார். பழைய டைல்ஸின் ஜோடி கிடைக்கவில்லை. நாலு மட்டும் வேறு நிறம்.

இந்த நாலு நாளும் இரண்டு வீட்டுக்கும் எங்கள் பாத்ரூம்தான். காலையில் அந்தச் சின்னப் பையன் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்து கதவைத் தட்டுவான். பாட்டி எங்களுக்கும் சேர்த்து இட்லி ஊற்றி அனுப்பினார்.

எங்கள் சீலிங் மூலையில் காசால் தட்டிப் பார்த்து, பொத்துப் பொத்தென்று சத்தம் வந்த பூச்சையெல்லாம் எடுத்தோம். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. உள்ளே ஒரு கம்பி துரு ஏறித் தெரிந்தது. துரு, இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். அந்த வீக்கம்தான் பழைய வீடுகளில் சீலிங்கைப் பிளந்து தள்ளுகிறது. நல்லவேளை, இங்கே மேலோட்டமான துருதான், கம்பி மெலியவில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத் தடுப்பு பிரைமர் அடித்து, பூச்சு வைத்தார் கொத்தனார். கம்பி கையில் பொடிந்து வருகிற அளவுக்குப் போயிருந்தால் அது நாம் தொடுகிற வேலை இல்லை. எஞ்சினீயர் பார்க்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் வந்து ஒரு பல்பில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பார்த்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே நன்றாக எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே எரியவே இல்லை. மூன்று முனை சாக்கெட் வீடு முழுக்க இருக்கிறது, மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எதுவும் இல்லை! தேடிப் போனால், போர்ட்டிகோவுக்கு டைல்ஸ் போட்டபோது எர்த் குழியை மூடி, கம்பியை அறுத்தே விட்டிருக்கிறார்கள். ஒரு டைலை எடுத்துக் குழியைத் திறந்து, துத்தநாகம் பூசிய புது ஜிஐ கம்பி இழுத்து மெயின் போர்டு வரை கொண்டுவந்தார். ஈரத்தில் இருந்த இரும்புப் பெட்டியில் ஒயரின் இன்சுலேஷன் வெடித்திருந்தது. அந்த போர்டையே எதிர்ச் சுவருக்கு மாற்றினார்.

மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று வைத்தோம். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் வேறு வழியில், சுவர் வழியாகவோ நம் உடல் வழியாகவோ, கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன்.

கணக்கு: பிளம்பர், உதவியாள் 2,400. கொத்தனார் 1,200. டிராப், குழாய், சால்வென்ட் 780. வாட்டர் ப்ரூஃபிங் 1,150. சிமெண்ட், மணல், டைல்ஸ் 900. எபாக்ஸி 650. எலக்ட்ரீஷியன் கூலி 1,800. ஒயரும் கம்பியும் 900. ஆர்சிசிபி 2,400. மொத்தம் 12,180. ஆர்சிசிபியை ஓனர் கணக்கில் எழுதவில்லை. அது எங்கள் விருப்பத்துக்கு வாங்கியது, காலி செய்யும்போது கழற்றிக்கொள்வோம் என்று மெசேஜில் சொல்லிவிட்டேன். மீதி 9,780. மாதம் 3,260 வீதம் அக்டோபர், நவம்பர், டிசம்பர் வாடகையில் கழித்தோம். ஒவ்வொரு முறையும் பணம் அனுப்பும்போதே கணக்கையும் பில் படங்களையும் சேர்த்து அனுப்பினேன். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

வேலை முடிந்து இரண்டு வாரமாகியும் சுவர் ஈரமாகவே இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. "பத்து அங்குலம் ஊறின செங்கல், ஒரே நாள்ல காயுமா அக்கா?" என்றாள் தங்கை. ஆனால் பென்சில் கோடு ஒன்றுகூடக் கூடவில்லை. நவம்பர் நடுவில் ஈரத்தின் விளிம்பு பழைய கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி மேலே ஏறத் தொடங்கியது. ஆகஸ்ட் 12, ஆகஸ்ட் 5, ஜூலை 30 என்று.

டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. தெருத் தண்ணீர் போர்ட்டிகோ முதல் படியைத் தொட்டதும் மெயினை அணைத்துவிட்டோம். எங்கள் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேல்வீட்டில் சமையலறை சீலிங்கில் மூன்று இடத்தில் சொட்டியது; அண்டா வைத்துப் பிடித்தார்கள். மொட்டைமாடியில் பதித்த தட்டோடுகளின் இணைப்புகள் அங்கங்கே வாய் பிளந்திருந்தன.

ஜனவரியில் பெயிண்டரை ஓனரே அனுப்பினார். வெள்ளையடிப்பு அவர் பங்கு என்று கடிதத்தில் எழுதியிருந்தேன். பெயிண்டர் வந்த உடனே பட்டி பார்க்கத் தயாரானார். ஒரு நாள் பொறுக்கச் சொல்லி, அதே அலுமினியத் தாளை மறுபடி ஒட்டினோம். மறுநாள் உள்பக்கமும் காய்ந்திருந்தது. அதன் பிறகுதான் சுரண்டவிட்டோம். மே மாதம் அக்ரிமெண்ட் புதுப்பித்தபோது, அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்து, பதிவு எண்ணையும் வாங்கிக்கொண்டோம்.

பெயிண்ட் அடித்த அன்று மாலை மேல்வீட்டு அக்கா கீழே வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். "அந்த லெட்டர் காப்பி இருந்தா குடும்மா. தேதி எல்லாம் நான் எழுதி வச்சிருக்கேன்" என்று போனை நீட்டினார். சமையலறை சீலிங் படங்கள், டிசம்பர் 4-லிருந்து வரிசையாக, ஒவ்வொன்றிலும் பென்சில் வட்டம். வாடகையை ஏற்றிவிட்டால் என்ன செய்வது என்று அன்று அவர் கேட்கவில்லை. தங்கை மொட்டைமாடியின் மழைத்தண்ணீர்க் குழாய் எத்தனை என்று எண்ணிவிட்டு வந்தாள். மூன்று. அடைப்பதற்குத் துணி எங்களிடம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் கட்டுவது என்று முடிவு செய்தோம்.